கோடு புள்ளி கோடு

சோமனூரில் எங்கள் தறிக்குடோனில் பதினாறு தறி.
பதினாறும் ஓடினால்
எதிரே நிற்பவர் வாய் அசைவது மட்டும் தெரியும்.
இருபத்திரண்டு வருசம் அதற்குள் நின்ற
சென்னியப்பனுக்கு
தறி நின்ற பிறகும் அப்படியேதான்.

கோயமுத்தூர் டாக்டர் நரம்பு என்றார்.
காதுக்குள் வைக்க ஒன்று கொடுத்தார், முப்பத்தெட்டாயிரம்.
“தறிச் சத்தந்தான் இன்னும் பெருசாக் கேக்குது” என்று
அதைப் பஞ்சு சுற்றி டப்பாவில் போட்டு
அடகு ரசீதுகளோடு பீரோவில் வைத்துவிட்டார்.

மகளின் சாரணர் கையேட்டில் கடைசிப் பக்கம்.
இருபத்தாறு ஆங்கில எழுத்து,
ஒவ்வொன்றுக்கும் எதிரே புள்ளியும் கோடும்.
கிழித்து எட்டாம் நம்பர் தறிக்கு மேலே ஒட்டினேன்.

விரலால் தொட்டால் புள்ளி.
தொட்டு இழுத்தால் கோடு, மூன்று புள்ளி நேரம்.
கண் இமைத்தால் ஒரு மாத்திரை என்று
ஏழாவதில் படித்தது அன்றைக்கு உதவியது.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
இதுவோ நெடிலையும் தாண்டி நீள்கிற அளபெடை.

முதல் வாரம் அவர் முதுகில் நான் எழுதியதெல்லாம்
கொசு அடித்ததாகவே போயிற்று.
‘ழ’வுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.
இரண்டு கோடு, ஆறு புள்ளி, இரண்டு எழுத்தாய் உடைத்துப் போடவேண்டும்.
மழை என்று தட்டி முடிப்பதற்குள்
மழையே நின்றிருக்கும்.

அப்புறம் சுருக்கிக்கொண்டோம்.
இரண்டு கோடு நான், மயிலாத்தா.
மூன்று புள்ளி அவர்.
ஒரே ஒரு கோடு என்றால் தண்ணி வந்திருச்சு,
பதினோரு நாளைக்கு ஒருக்கா இழுக்கிற கோடு.

கோடு புள்ளி கோடு, அது கே.
நான் முடித்தேன், இனி நீ அனுப்பு என்று
கையேட்டில் பொருள் போட்டிருந்தது.
எங்கள் பக்கம் அதற்கு ஒரே வார்த்தைதான்:
சொல்லுங்.
போனை எடுத்தால் சொல்லுங்,
கடையில் போய் நின்றால் சொல்லுங்,
பாங்கில் மேனேஜரும் சொல்லுங்.
எத்தனை சின்னப் பேச்சானாலும்
கடைசியில் ஒருவர் கையில் ஒருவர்
கே வைத்துவிட்டுத்தான் விரலை எடுப்போம்.

தை மாசம் அவர் தம்பி கிட்டுசாமி வந்தான்.
நாலு தறி புதுசாய் எடுக்கிறானாம், கடனுக்கு ஜாமீன் வேண்டுமாம்.
அவர் என் உள்ளங்கையில் கேட்டார்.
கோடு புள்ளி.
கோடு கோடு கோடு.
நோ.
கே வைக்கவில்லை.

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று மாத்திரை சும்மா விடவேண்டும்,
வார்த்தைக்கும் வார்த்தைக்கும் ஏழு.
அதற்குமேல் விட்டால் என்ன பொருள் என்று
கையேட்டில் இல்லை.
நாங்கள் ஒன்பது நாள் விட்டோம்.

பத்தாம் நாள் ராத்திரி கரண்ட் போனது.
பதினாறு தறியும் ஒன்றாய் நின்றதை
அவர் பாதத்தால்தான் தெரிந்துகொண்டார்.
இருட்டில் தடவிக்கொண்டே வந்து
பாவு நூல் மேல் கிடந்த என் கையைப் பிடித்தார்.
ஒரு புள்ளி, இரண்டு, மூன்று,
நிற்காமல் எட்டு.

எட்டுப் புள்ளி என்றால் பிழை.
இதற்கு முன் அனுப்பியதை அழித்துக்கொள்.

எதை என்று அவர் சொல்லவில்லை.
கையெழுத்தையா, அந்த ஒன்பது நாளையா,
போகிற போக்கில் என் அப்பனைச் சொன்ன சொல்லையா?
பாங்கில் நீல மையில் இருப்பது
எட்டுப் புள்ளிக்கு அழியாது,
அது இரண்டு பேருக்குமே தெரியும்.

வெளியே குழாய் இரும ஆரம்பித்தது.
முதலில் காத்து, அப்புறம் துரு, அப்புறம்தான் தண்ணி.
அவர் கையில் ஒரு கோடு இழுத்தேன்.

குடத்தை எடுத்தார்.
எடுத்தவர் வாசலில் நின்றார்,
இன்னொரு கையை என் பக்கம் நீட்டியபடியே,
இன்னும் மூன்று தட்டு
பாக்கி இருப்பதுபோல.